பழைய அமெரிக்க இசைத்தாள்கள்: சேகரிப்பும் அட்டவணையும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் 400 தாள்களுக்குக் கொஞ்சம் மேல் இருக்கின்றன. எல்லாம் 1900க்கு முன்பு அமெரிக்காவில் அச்சான பாட்டுகளும் நடன மெட்டுகளும். எனக்குப் பியானோ வாசிக்கத் தெரியாது என்று சொன்னால் வீட்டுக்கு வருகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள், பிறகு கேட்கத் தொடங்குகிறார்கள். ஒரே கேள்விகள் திரும்பத் திரும்ப வருவதால் பதில்களை இங்கே எழுதிவைத்திருக்கிறேன்.

இசைத்தாள் என்றால் என்ன? பாட்டுப் புத்தகமா?

புத்தகம் இல்லை. ஒரு தாளுக்கு ஒரே பாட்டு. ஏறத்தாழ 10 அங்குல அகலம், 13 அங்குல உயரம். பெரிய தாளை நடுவில் மடித்து உண்டாக்கிய நான்கைந்து பக்கங்கள். முன்னால் முகப்பு, உள்ளே பியானோவுக்கான ஐந்து கோட்டுச் சுரக்குறிப்பு, கோடுகளுக்கு இடையே பாட்டு வரிகள். இசைத்தட்டு வருவதற்கு முன்பு ஒரு பாட்டு ஊர்விட்டு ஊர் போனது பெரும்பாலும் இப்படித்தான். மேடையில் கேட்ட பாட்டைக் கடையில் வாங்கிக்கொண்டு போய் வீட்டுப் பியானோவில் வாசித்துப் பார்த்தார்கள். வாசித்தவர்களில் பெரும்பாலோர் அந்த வீட்டுப் பெண்கள். தாள்களின் மூலையில் பென்சிலால் எழுதியிருக்கும் பெயர்களைப் பார்த்தாலே அது தெரியும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொரு பொருளும் உண்டு. பாட்டு வரிகளை ஒரு பக்கம் மட்டும் அச்சிட்டு மலிவாக விற்ற வரித்தாள். அதில் சுரம் கிடையாது, இன்ன மெட்டில் பாடுக என்ற குறிப்பு மட்டும் இருக்கும். நம் ஊரில் தெருவில் மலிவாக விற்ற குஜிலிப் பாட்டுப் புத்தகங்களில் ‘வர்ணமெட்டு’ என்று போட்டிருப்பார்களே, அதே வேலை.

நமக்குத் தெரிந்த பாட்டு ஏதாவது இதில் உண்டா?

ஆங்கில வழிப் பள்ளியில் படித்தவர் என்றால் குறைந்தது இரண்டு உங்களுக்கு மனப்பாடமாகவே தெரியும். ஒன்று ‘கிளெமென்டைன்’. மற்றது ‘ஜிங்கிள் பெல்ஸ்’.

‘ஜிங்கிள் பெல்ஸ்’ தாளைத் தேடுகிறவர் முதலில் ஏமாந்துபோவார். 1857இல் பாஸ்டன் நகரில் ஆலிவர் டிட்சன் நிறுவனம் அதை வெளியிட்டபோது முகப்பில் அந்தப் பெயரே இல்லை. ‘ஒன் ஹார்ஸ் ஓப்பன் ஸ்லே’, அதாவது ஒற்றைக் குதிரைப் பனிச்சறுக்கு வண்டி என்றுதான் இருந்தது. இரண்டு ஆண்டு கழித்து 1859இல் மறுபடி வெளியிட்டபோதுதான் ‘ஜிங்கிள் பெல்ஸ்’ தலைப்பில் ஏறியது. இயற்றியவர் ஜேம்ஸ் பியர்பாண்ட். பாட்டு வரிகளில் கிறிஸ்துமஸ் என்ற சொல்லே கிடையாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

1857 தாள் கையில் கிடைத்தவர் அட்டவணையில் என்ன தலைப்பு எழுதுவது? தாளில் இருக்கும் தலைப்பைத்தான். ‘ஜிங்கிள் பெல்ஸ்’ என்பதைத் தனியே, ‘இப்போது வழங்கும் பெயர்’ என்ற இடத்தில் எழுதலாம். பாட்டு வேறு, தாள் வேறு. சேகரிப்பவர் சேர்ப்பது தாளை. இது பிடிபடாமல் எழுதிய அட்டவணைகள் எத்தனையோ பார்த்துவிட்டேன். என்னுடைய முதல் நோட்டும் அவற்றில் ஒன்று.

காப்புரிமை ஆண்டு அச்சிட்டிருக்கிறது. அதுதானே அச்சான ஆண்டு?

இல்லை. ஏலத் தளங்களில் நடக்கும் தவறுகளில் பாதி இந்த ஒன்றிலிருந்துதான் வருகிறது.

ஏன் என்று புரிய, தாள் எப்படி அச்சானது என்று தெரிய வேண்டும். ஈயமும் தகரமும் கலந்த மெல்லிய தகட்டில், ஒவ்வொரு சுரத்தையும் எழுத்தையும் எஃகு முத்திரைக் கோலால் தட்டித் தட்டிப் பதித்தார்கள்; அதுவும் இடம் வலமாக, கண்ணாடியில் தெரிவதுபோல. அந்தத் தகடு பதிப்பாளரின் சொத்து. பாட்டு விற்கும்வரை எடுத்து அச்சிடுவார், விற்காதபோது அடுக்கிவைப்பார், தேவைப்பட்டால் இன்னொரு பதிப்பாளருக்கு விற்றுவிடுவார். காப்புரிமையைச் சொல்லும் வரி தகட்டிலேயே பதிந்திருப்பதால் 1850இல் செய்த தகட்டில் 1870இல் அச்சிட்டாலும் தாளில் 1850 என்றே விழும்.

அந்த வரியே காலத்துக்குத் தகுந்தபடி மாறியது. இசைப் படைப்புகள் அமெரிக்கக் காப்புரிமைச் சட்டத்தில் பெயர் சொல்லிச் சேர்க்கப்பட்டது 1831இல். அதன் பிறகு ‘காங்கிரஸின் சட்டப்படி இன்ன ஆண்டில் இன்னாரால் இன்ன மாவட்ட நீதிமன்ற எழுத்தர் அலுவலகத்தில் பதிவு செய்யப்பட்டது’ என்ற நீண்ட வாசகம் முகப்பிலோ முதல் இசைப் பக்கத்திலோ அடியில் இருக்கும். 1870இல் பதிவு வேலை வாஷிங்டனில் உள்ள காங்கிரஸ் நூலகத்துக்கு மாறியதும் வாசகத்தில் நூலகர் வந்தார். 1874 சட்டம் ‘காப்புரிமை, இன்ன ஆண்டு, இன்னார்’ என்று சுருக்கமாகப் போட அனுமதித்தது. வரியே இல்லாத தாள்களும் ஏராளம். 1891 வரை வெளிநாட்டவர் படைப்புக்கு அமெரிக்காவில் பாதுகாப்பு இல்லாததால், லண்டனில் ஓடிய பாட்டை இங்கே யார் வேண்டுமானாலும் அச்சிட்டுக்கொண்டார்கள்.

அப்படியானால் அச்சான காலத்தை எதை வைத்துச் சொல்வது?

பதிப்பாளரின் பெயரும் முகவரியும்தான் நம்பகமான சாட்சி. கடை மாறினால் முகவரி மாறும், பங்குதாரர் மாறினால் பெயர் மாறும், முகப்பிலும் அது மாற்றப்பட்டிருக்கும். ஆலிவர் டிட்சன் பாஸ்டனின் வாஷிங்டன் தெருவில் 115ஆம் எண்ணிலிருந்து 277க்கும், பிறகு 451க்கும் போனார். நியூயார்க்கில் ஃபர்த் அண்ட் ஹால், பின்னர் ஃபர்த், ஹால் அண்ட் பாண்ட், அதன் பின் ஃபர்த், பாண்ட் அண்ட் கம்பெனி, கடைசியில் வில்லியம் ஏ. பாண்ட் என்று ஒரே கடையின் பெயர் உருமாறிக்கொண்டே போனது. 1851 காப்புரிமையோடு வில்லியம் பாண்ட் பெயர் இருந்தால் அந்தத் தாள் 1863க்கு முந்தையதாக இருக்க வழியில்லை.

ஒவ்வொரு இசைப் பக்கத்தின் அடியிலும் சின்னதாக ஓர் எண் இருக்கும். அது தகட்டு எண். ஒரு பதிப்பாளரின் எண்களை வரிசைப்படுத்தினால் எந்தத் தகடு முன், எது பின் என்று ஊகிக்கலாம். ஆனால் தகடுகள் கைமாறும்போது எண்களும் கூடவே போகும். சிகாகோவின் ரூட் அண்ட் கேடி நிறுவனம் உள்நாட்டுப் போர்ப் பாடல்களால் பெரும்புகழ் பெற்றது. சிகாகோ நகரை எரித்த 1871 அக்டோபர் தீயில் அது நொடித்துப்போனதும், இசைத்தாள் பட்டியலை கிளீவ்லாந்தின் பிரெய்னார்ட் நிறுவனம் வாங்கிக்கொண்டது. ஆகவே தகட்டு எண்ணைக் குறித்துவையுங்கள். அதை மட்டுமே நம்பி ஆண்டைத் தீர்மானிக்காதீர்கள்.

பின்பக்க விளம்பரத்தையும் படியுங்கள். அங்கே பட்டியலிட்ட பாட்டுகளில் ஒன்று 1868இல் வெளிவந்தது என்றால் உங்கள் தாள் அதற்குப் பிந்தையது. விஷயம் அவ்வளவு எளிது, ஆனால் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பவர்கள் குறைவு.

முதல் பதிப்பு என்று எப்படி உறுதி செய்வது?

ஒவ்வொரு பாட்டுக்கும் தனி அடையாளம் இருக்கிறது. மிகப் பிரபலமானது அமெரிக்க தேசிய கீதத்துடையது. 1814இல் பால்டிமோர் நகரின் தாமஸ் கார் வெளியிட்ட முதல் தாளில் ‘பேட்ரியாட்டிக் சாங்’ என்று வர வேண்டிய இடத்தில் ஓர் எழுத்து விழுந்து ‘பேரியாட்டிக்’ ஆகிவிட்டது. பாட்டை எழுதிய பிரான்சிஸ் ஸ்காட் கீயின் பெயரும் அதில் இல்லை. பிழை உள்ள பிரதிகள் ஒரு டஜன் அளவில்தான் தெரியவந்திருக்கின்றன. அவற்றில் ஒன்று 2010 டிசம்பரில் நியூயார்க் ஏலத்தில் 5,06,500 டாலருக்குப் போனது. ஓர் எழுத்துப் பிழைக்கு இவ்வளவு மதிப்பு எங்கள் தொழிலில் மட்டும்தான்.

நூற்றாண்டின் மறு கோடியில் ஸ்காட் ஜாப்ளினின் ‘மேப்பிள் லீஃப் ராக்’ இருக்கிறது. 1899இல் மிசோரி மாநிலத்தின் செடாலியா என்ற சிற்றூரில் ஜான் ஸ்டார்க் வெளியிட்டார். பிரதிக்கு ஒரு சென்ட் ஜாப்ளினுக்கு. அடுத்த ஆண்டே ஸ்டார்க் செயின்ட் லூயிஸுக்குக் குடிபெயர்ந்தார். எனவே தாளில் செயின்ட் லூயிஸ் என்று மட்டும் கண்டால் பெருமூச்சு விட்டுவிட்டு அடுத்த கட்டைப் புரட்டுங்கள்.

அட்டவணையில் என்னென்ன எழுத வேண்டும்?

தலைப்பிலிருந்து தொடங்கலாம், அங்கேயே சிக்கலும் தொடங்கும். முகப்பில் ஒரு தலைப்பு, உள்ளே முதல் இசைப் பக்கத்தின் உச்சியில் இன்னொரு தலைப்பு, மக்கள் நினைவில் முதல் வரி, சில பாட்டுகளில் பல்லவியின் முதல் வரி. நான்கையும் எழுதுங்கள். பாட்டைத் தேடி வருகிறவர் எந்த வாசல் வழியாக வருவார் என்று நமக்குத் தெரியாது. ஒரே முகப்பில் பத்துப் பாட்டுகளின் பட்டியலை அச்சிட்டு, உள்ளே இருக்கும் பாட்டுக்கு மட்டும் அடிக்கோடு போட்டு விற்ற வழக்கமும் இருந்தது. அடிக்கோடு போட மறந்த தாள்கள் பத்துப் பாட்டுத் தொகுப்பு என்ற பெயரில் இன்னும் விற்பனைக்கு வருகின்றன.

அடுத்தது ஆசிரியர். இங்கே பாட்டுகள் இயற்றிய ஸ்டீபன் ஃபாஸ்டரின் கதையைச் சொல்லாமல் நகர முடியாது. 1848இல் நியூயார்க்கில் வெளிவந்த ‘ஓ சுசானா’ முதல் பதிப்பில் அவர் பெயரே இல்லை. 1851இல் ‘ஓல்டு ஃபோக்ஸ் அட் ஹோம்’ வெளிவந்தபோது முகப்பில் இயற்றியவர் என்று இருந்தது ஈ. பி. கிறிஸ்டியின் பெயர். கிறிஸ்டி ஒரு நாடகக் குழுத் தலைவர், பணம் கொடுத்து அந்தப் பெருமையை வாங்கிக்கொண்டவர். மறு ஆண்டு ஃபாஸ்டர் மனம் மாறிக் கடிதம் எழுதிக் கேட்டார், கிறிஸ்டி விட்டுக்கொடுக்கவில்லை. 1864இல் ஃபாஸ்டர் நியூயார்க் மருத்துவமனையில் இறந்தபோது பணப்பையில் இருந்தது 38 சென்ட். முதல் காப்புரிமைக் காலம் முடிந்து 1879 வந்த பிறகுதான் அவர் பெயர் தாளில் ஏறியது.

அந்தத் தாளை அட்டவணைப்படுத்தும்போது கோபத்தில் கிறிஸ்டியின் பெயரை அடித்துவிடத் தோன்றும். கூடாது. ‘தாளில் உள்ளபடி: கிறிஸ்டி. உண்மையில் இயற்றியவர்: ஃபாஸ்டர்’ என்று இரண்டையும் எழுத வேண்டும். கிறிஸ்டியின் பெயரை நீக்கினால் அவர் செய்த காரியத்துக்கான சான்றும் கூடவே போய்விடும்.

இவை தவிர: பதிப்பாளர், ஊர், முகவரி, தகட்டு எண், பக்க எண்ணிக்கை, முகப்புப் படம் எதைக் காட்டுகிறது, படத்தை வரைந்தவர், அதைக் கல்லிலிருந்து அச்சிட்ட கல்லச்சுக்காரர், யாருக்குச் சமர்ப்பணம், யார் பாடிப் புகழ் பெற்றது, விற்ற கடையின் முத்திரை, பழைய உரிமையாளரின் கையெழுத்து. கல்லச்சுக்காரரின் பெயரை அலட்சியம் செய்ய வேண்டாம். ஓவியர் வின்ஸ்லோ ஹோமர் 1850களின் நடுவில் பாஸ்டனில் பஃபர்டின் கல்லச்சகத்தில் பயிற்சியாளராக இருந்து இசைத்தாள் முகப்புகள் வரைந்தவர்.

அகர வரிசையில் அடுக்கலாமா, பொருள் வாரியாகவா?

பால்டிமோரில் வைக்கோல் தொப்பி வியாபாரம் செய்துவந்த லெஸ்டர் லெவி, தாள்களைப் பொருள் வாரியாகப் பெட்டிகளில் போட்டார். குடியரசுத் தலைவர்கள் ஒரு பக்கம், ரயில் ஒரு பக்கம், மது விலக்கு ஒரு பக்கம். ஏறத்தாழ 30,000 தாள்கள். 1976இல் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்தார். இன்றும் அந்தச் சேகரிப்பில் ஒரு தாளைக் குறிப்பிடுவது பெட்டி எண், உருப்படி எண் என்றுதான்.

என் யோசனை இது: அலமாரியில் எப்படி அடுக்கினாலும் பரவாயில்லை, ஒவ்வொரு தாளுக்கும் மாறாத எண் ஒன்று வேண்டும். பொருள், பெயர், ஆண்டு எல்லாவற்றையும் கணினி வரிசைப்படுத்திக் கொடுக்கும். ஆனால் எண்ணைத் தாளில் மையால் எழுதாதீர்கள். மென்மையான பென்சில், பின்பக்க மூலை, அழுத்தாமல்.

கறுப்பின மக்களை இழிவுபடுத்தும் முகப்புகள் நிறைய வருகின்றன. அவற்றை வைத்திருக்கலாமா?

நிறைய என்று நீங்கள் சொல்வது குறைவு. முகத்தில் கரி பூசிய வெள்ளையர் கறுப்பர்களாக நடித்த மின்ஸ்ட்ரல் மேடைதான் 1830களிலிருந்து அமெரிக்க ஜனரஞ்சகப் பாட்டின் பெரிய உற்பத்திச் சாலை. ஃபாஸ்டரின் பாட்டுகளும் அங்கேதான் ஓடின. 1890களின் முகப்புகள் அதைவிடக் கொடூரம். இந்தத் தாள்களைக் கிழித்துப் போட்டால் மிச்சமிருப்பது ரோஜாவும் நிலவும் மட்டும் உள்ள ஒரு பொய் நூற்றாண்டு.

நான் வைத்திருக்கிறேன், சட்டமிட்டு மாட்டுவதில்லை. தலைப்பில் இழிசொல் இருந்தால் அட்டவணையில் தலைப்பாக அப்படியே எழுதுகிறேன். ஆனால் முகப்பை விவரிக்கும் இடத்தில், பொருள் வகைப்பாட்டில், என் சொற்களை நான் தேர்ந்தெடுக்கிறேன். ‘இனவெறிக் கேலிச்சித்திரம்’ என்றே எழுதுகிறேன். ‘நகைச்சுவைப் பாடல்’ என்று பழைய விற்பனைப் பட்டியல்கள் போட்டதை நானும் போட வேண்டியதில்லை.

அதே அலமாரியில் வேறு தாள்களுக்கும் இடம் வேண்டும். பிலடெல்பியாவின் கறுப்பின இசைக்குழுத் தலைவர் பிரான்சிஸ் ஜான்சனின் நடன மெட்டுகள் 1818இலேயே அச்சாகிவிட்டன. ஜேம்ஸ் பிளாண்டு 1878இல் எழுதிய ‘கேரி மீ பேக் டு ஓல்டு வர்ஜீனி’ 1940 முதல் 1997 வரை வர்ஜீனியாவின் மாநிலப் பாடலாக இருந்தது. அதன் வரிகள் எஜமானனுக்காக ஏங்கும் அடிமையின் குரலில் இருப்பதும், எழுதியவர் ஒரு கறுப்பினக் கலைஞர் என்பதும் அட்டவணையின் ஒரே வரியில் அடங்காத சங்கதி. 1845இல் பாஸ்டனில் வெளிவந்த ‘ஃபியூஜிடிவ்ஸ் சாங்’ முகப்பில், அடிமை முறையிலிருந்து தப்பி அதை எதிர்த்துப் பேசிய ஃபிரெடரிக் டக்ளஸ் வெறுங்காலோடு தப்பி ஓடுகிறார். சமர்ப்பண வரி அவரை ‘அந்த விசித்திர நிறுவனத்தின் பட்டதாரி’ என்கிறது. ‘விசித்திர நிறுவனம்’ என்பது அடிமை முறைக்குத் தென்மாநிலத்தார் வைத்திருந்த மங்கல வழக்கு. அந்தச் சொல்லையே எடுத்து அவர்கள்மேல் திருப்பி எறிந்திருக்கிறார்கள். சமர்ப்பண வரியை ஏன் எழுதிவைக்கச் சொல்கிறேன் என்பது இப்போது புரிந்திருக்கும்.

தோல் அட்டையில் பொன்னெழுத்தில் பெண்ணின் பெயர் பொறித்த தொகுதி ஒன்று கிடைத்தது. பிரித்துத் தனித்தனியாக விற்கலாமா?

விற்கலாம், நல்ல பணமும் கிடைக்கலாம். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பெண் சில ஆண்டுகளாக வாங்கிச் சேர்த்த தாள்களைத் திருமணத்தை ஒட்டியோ முன்போ பைண்டு செய்துவைப்பது அந்தக்கால வழக்கம். எந்தப் பாட்டுக்குப் பிறகு எது, எந்தப் பக்கம் விரல் பட்டு நைந்திருக்கிறது, எங்கே பியானோ சொல்லிக்கொடுத்தவர் எந்த விரலால் வாசிப்பது என்று எண்கள் எழுதியிருக்கிறார் என்பதெல்லாம் தொகுதியாக இருக்கும்வரைதான் பேசும். தொகுதிக்கு ஓர் எண் கொடுத்து, உள்ளே உள்ள ஒவ்வொரு பாட்டுக்கும் துணை எண் கொடுங்கள். பைண்டு செய்தவர் ஓரங்களை வெட்டியிருப்பார், சில தாள்களில் பதிப்பாளர் முகவரியே பாதி போயிருக்கும். தெரியும் பாதியை மட்டும் எழுதுங்கள்.

தாள் பொடிப்பொடியாக உதிர்கிறது. என்ன செய்வது?

விநோதம் என்னவென்றால் 1830ஆம் ஆண்டுத் தாள் இன்னும் துணிபோல மடங்கும், 1890ஆம் ஆண்டுத் தாள் அப்பளம்போல் நொறுங்கும். பழையது கந்தல் துணியில் செய்த காகிதம், பிந்தையது மரக்கூழ். அதில் அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அமிலமற்ற உறைகளில் போட்டு, இருட்டான, ஈரமில்லாத இடத்தில் படுக்கவைத்து அடுக்குங்கள். முகப்பைப் பார்த்துக்கொண்டே இருக்க ஆசையென்றால் பாலியெஸ்டர் உறை. ஒட்டு நாடா, லேமினேஷன், ரப்பர் பேண்டு மூன்றும் விஷம். பழுப்புப் புள்ளிகளை வெளுக்க வீட்டு ரசாயனங்களில் இறங்கவே வேண்டாம்.

என்னிடம் உள்ளவற்றுக்கு என்ன விலை கிடைக்கும்?

பெரும்பாலானவற்றுக்குச் சில டாலர். பாட்டு எவ்வளவு புகழ் பெற்றதோ அவ்வளவுக்குத் தாள் மலிவு. சார்லஸ் ஹாரிஸின் 1892ஆம் ஆண்டு ‘ஆஃப்டர் தி பால்’ ஐம்பது லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றதாகச் சொல்வார்கள். அது அரிதாக எப்படி இருக்கும்? விலையை ஏற்றுவது முகப்புப் படமும் பொருளும். பேஸ்பால், ரயில், தீயணைப்பு வண்டி, லிங்கன் என்றால் இசை ரசிகர் அல்லாத சேகரிப்பாளர்களும் போட்டிக்கு வந்துவிடுவார்கள். பஃபலோ நகரிலிருந்து 1858இல் வந்த ‘பேஸ் பால் போல்கா’வைத் தேடுகிறவர்களில் எத்தனை பேருக்குப் போல்கா ஆடத் தெரியும்?

உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலத் தாள்களும் விலை போகும். காகிதத் தட்டுப்பாட்டில் மட்டமான தாளில் அச்சாகியிருக்கும், காப்புரிமை வரியில், பிரிந்துபோன தென்மாநிலங்கள் அமைத்த கூட்டமைப்பின் நீதிமன்றம் என்றிருக்கும். நியூ ஆர்லியன்ஸின் பதிப்பாளர் பிளாக்மார் பெயரைக் கண்டால் உடனே கீழே வைத்துவிடாதீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க நல்ல பிரதிகளை எங்கே காணலாம்?

வாங்காமலே பார்க்கலாம். லெவி சேகரிப்பு இணையத்தில் இருக்கிறது. காங்கிரஸ் நூலகம் 1870 முதல் 1885 வரை காப்புரிமைப் பதிவுக்கு வந்த 47,000 தாள்களுக்கு மேல் ஏற்றியிருக்கிறது. டியூக், பிரௌன் பல்கலைக்கழகங்களிலும் நல்ல தொகுப்புகள் உண்டு. இந்தத் தாள்கள் எல்லாம் பொதுவுடைமை என்பதால் இறக்கி வாசிக்கலாம், பாடலாம், அச்சிடலாம்.

நூலகத்தின் விவரத்தை அப்படியே என் அட்டவணையில் எடுத்து எழுதிவிடலாமா? அவர்கள் நிபுணர்கள்தானே?

நிபுணர்கள்தாம். ஆனால் அவர்கள் விவரித்தது அவர்களுடைய பிரதியை. தொடங்கிய காலத்தில் நான் இப்படித்தான் ஒரு பெரிய நூலகத்தின் பதிவைப் பார்த்து ‘5 பக்கம், பாஸ்டன், டிட்சன்’ என்று எழுதி வைத்தேன். மூன்று ஆண்டு கழித்து ஒரு நண்பர் அந்தப் பாட்டைப் பியானோவில் வாசிக்க உட்கார்ந்தார். மூன்றாம் பக்கம் முடிந்தது, திருப்பினார், அடுத்து ஒன்றும் இல்லை. கடைசித் தாள் எப்போதோ கழன்று போயிருந்தது. முகப்பில் டிட்சன் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் சின்சினாட்டிக் கடை ஒன்றின் முத்திரை இருந்ததையும் அன்றுதான் முதல் முறையாகப் பார்த்தேன்.